ஒன்பது நாற்பது பஸ்ஸும் என் கோணல் எழுத்தும்

மார்ச் 6, புதன்

முதலில் மன்னிப்பு. இந்த நோட்டைப் பிற்பாடு யாராவது புரட்டினால் (யார் புரட்டப்போகிறார்கள், நான்தான்) எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு கிடப்பதற்கு வருத்தப்படுகிறேன். வட்டம் போட வேண்டிய இடத்தில் வெங்காயம் வருகிறது. நேர்கோடு இழுத்தால் காற்றில் சாய்ந்த மூங்கில் மாதிரி போகிறது. இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. படகு இஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகிய கை, பென்சிலையும் ஸ்பேனர் மாதிரிதான் பிடிக்கிறது.

என் பெயர் மா பாங்ஷிக். வயது எழுபத்தேழு.

மேலே உள்ள வரியை மூன்று தடவை வாசித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் அது!

உட்கார்ந்திருப்பது டவுன் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, பச்சை பெஞ்சு. உள்ளே ஓக்புன். ஐம்பத்திரண்டு வருஷமாக என் மனைவி, மூன்று வருஷமாக அந்த மெஷினுக்கும் சொந்தம். திங்கள், புதன், வெள்ளி, நாலு மணி நேரம். எங்கள் சோல்மே கிராமத்திலிருந்து ஒன்பது நாற்பது பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

செவ்வாயும் வியாழனும் அதே பஸ்ஸில் நான் தனியாக வருகிறேன், எழுத்து வகுப்புக்கு. மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ‘பக்கத்து வாசல்’ என்று ஒரு சங்கம் நடத்துகிறார்கள். தனியாக இருப்பவர்களுக்குச் சாப்பாடு, எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து. ஊரில் நான் அங்கே பாய்லர் பார்க்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வகுப்பில் பதினோரு பெண்கள், ஆண் நான் ஒருவன். கும்ரியே அக்கா மட்டும் எங்கள் ஊர். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும்.

நவம்பரில் ஆரம்பித்தேன். தினம் ஒரு வரி வீட்டுப்பாடம். என்ன எழுதுவது என்று தெரியாமல் அன்றைக்கு பஸ்ஸில் யார் யார் வந்தார்கள் என்று பெயர்களை மட்டும் எழுதினேன். பெயர் தெரியாத ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு மேலே ஒரு தொப்பி. அந்தக் கட்டம் போட்ட நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதுசு. கட்டம் கிடையாது, கோடுதான். எனக்குப் பதவி உயர்வு.

மார்ச் 8, வெள்ளி

விரல் வலிக்கிறது. இன்று ஒரு வரி போதும்.

மார்ச் 12, செவ்வாய்

பஸ் ஸ்டாப் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. மெதுவாக வாசித்தேன். “ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து காலை ஒன்பது நாற்பது பஸ் நிறுத்தப்படும். போதிய பயணிகள் இல்லை.” ஒரு இடத்திலும் தடுக்கவில்லை! ஒரு அரசாங்கக் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நானே வாசித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

பிறகுதான் அது என்ன சொல்கிறது என்பது உள்ளே இறங்கியது.

கும்ரியே அக்கா வந்தாள். சொன்னேன்.

“நீ வாசிச்சதா? போடா தம்பி. போன வாரம் மருந்துக்கடைன்னு எழுதியிருந்ததை மாட்டுக்கடைன்னு வாசிச்சவன் நீ.”

அவளே வாசித்தாள். என்னைவிட மெதுவாக. முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கினாள். அக்கா பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

மார்ச் 13, புதன்

ஓக்புன்னிடம் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன பயன், அவள் எனக்கு முன்னாலிருந்தே வாசிக்கத் தெரிந்தவள்.

ஒன்பது நாற்பது போனால் மிச்சம் இருப்பது ஆறு ஐம்பது. இருட்டில் எழுந்து, அங்கே போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு மெஷின். அவள் உடம்பு தாங்காது. டாக்ஸி வாரத்துக்கு மூன்று தடவை நமக்கு ஆகாது. வண்டி ஓட்டுவதைப் போன வருஷமே விட்டுவிட்டேன், கண் சரியில்லை. மகள் மிரான் ஃபோனில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: அம்மாவை நகரத்தில் தங்கிப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், அங்கேயே டயாலிசிஸ் இருக்கிறது, ஒரு அறையில் ஆறு கட்டில்.

“ஆறு கட்டில்னா சீட்டாட ஆள் இருக்கும்” என்றாள் ஓக்புன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு வருஷம் ஒரே அறை.

மார்ச் 14, வியாழன்

வகுப்புக்குப் பதிலாகக் கூட்டம். ஓக்புன்னும் வந்தாள். சங்கத்துக்குத் தலைவி சா மேடம். ஐம்பது வயது. தலைநகரத்தில் இருபது வருஷம் கம்ப்யூட்டருக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். கம்ப்யூட்டர் எதிர்த்துப் பேசாது, நாங்கள் பேசுவோம். ஆனாலும் எங்களைத்தான் பிடிக்கும் என்கிறார்.

மாவட்ட அலுவலகம் எல்லாப் பஸ்ஸிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று இணையத்தில் போடுகிறதாம். அதை எடுத்து சுவரில் பெரிதாகக் காட்டினார். ஜனவரி மாதம், சோல்மே வழி, ஒன்பது நாற்பது பஸ். மொத்தப் பயணிகள்: ஒன்பது.

“ஒரு நாளைக்கா?”

“மாசத்துக்கு.”

ஓக்புன் விரலை மடக்கி எண்ணினாள். “நான் ஒருத்தியே பதினாலு தடவை போயிருக்கேனே. செத்துப்போய் ஆவியாவா ஏறினேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. ஒவ்வொருவருக்கும் காரணம் ஒரே சமயத்தில் புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரணம் பியோன் தம்பி. அந்த பஸ் ஓட்டுகிறவர். எழுபது தாண்டினவர்களுக்கு பஸ் இலவசம், ஆனால் ஏறும்போது கார்டை மெஷினில் காட்ட வேண்டும். அது டிங் என்று அடித்து ‘நன்றி’ என்று ஒரு பெண் குரலில் சொல்லும். அப்படிக் காட்டினால்தான் ஒரு ஆள் ஏறினதாகக் கணக்கு. இரண்டு வருஷம் முன்னால் கும்ரியே அக்கா ஒரு கையில் பூண்டு மூட்டை, இன்னொரு கையால் உள்பாவாடைப் பையில் கார்டைத் தேடிக்கொண்டே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பியோன், “முதல்ல உக்காருங்கம்மா. கார்டெல்லாம் எதுக்கு, உங்க மூஞ்சிதான் கார்டு” என்று கையசைத்துவிடுவார். நாங்களும் உட்கார்ந்துகொள்வோம். இலவசம்தானே, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தோம். அவருக்குக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவும் காய்ந்த பெர்சிமன் பழமும் கொடுப்போம்.

அந்த ஒன்பது பேரும் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். எங்களில் ஒருவர்கூட அந்த எண்ணிக்கையில் இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் காலி ஸீட்டுகள்.

சா மேடத்திடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதருக்கு வேலை போகுமோ? ஆனால் மேடம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “யார்னு எனக்குத் தெரிய வேண்டாம். யாரையும் மாட்டிவிட்டு ஒரு பஸ்ஸைக் காப்பாத்த வேண்டாம். வேற வழி பார்ப்போம்” என்றார்.

பெரிய மனசு. எனக்கு இதை எழுதி வைக்க வேண்டும் போல இருந்தது.

மார்ச் 20, புதன்

சா மேடம் ஃபோனில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருக்கிறார். திறந்தால் ஒரு பஸ் படம், கீழே என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான். ஒரு ஆள் ஏறினால் ஒரு அழுத்து. வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பொறுப்பாளர். சோல்மேவுக்கு நான். என்னையா? ஆமாம், என்னைத்தான்.

இங்கே அழுத்தினால் பதினாலு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடச் சுவரில் உள்ள வரைபடத்தில், எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு எரிகிறதாம். முதல் தடவை அழுத்திவிட்டு நம்பாமல் ஃபோன் போட்டேன்.

“எரியுதா?”

“எரியுது ஐயா!”

“இப்ப?”

“இப்பவும்.”

“இப்ப?”

“ஐயா, சோல்மேல இன்னிக்கு மூணு பேர் கூடுதலா ஏறிட்டாங்க. கொஞ்சம் நிறுத்துங்க.”

மார்ச் 22, வெள்ளி

கும்ரியே அக்காவுக்கு இரண்டு தடவை அழுத்திவிட்டேன். மூட்டையும் அவள் உயரத்துக்கு இருந்தது. சா மேடம் திருத்தினார். மூட்டைக்கு விளக்கு கிடையாதாம்.

ஏப்ரல் 3, புதன்

இனிமேல் கார்டையும் காட்டுவது என்று முடிவு. அக்கா கம்பளி நூலில் கழுத்தில் தொங்கும் சின்னச் சின்னப் பைகள் பின்னிவிட்டாள், வெங்காயப்பூ நிறம், இருபத்தாறு பை. கார்டு உள்ளேயே இருக்கும். கையால் எடுக்க வேண்டாம், கழுத்தைக் குனிந்து மெஷின் பக்கம் காட்டினால் போதும், நூலைத் தாண்டிப் படித்துக்கொள்கிறது.

இன்று முதல் நாள். கிழவிகள் வரிசையாக ஏறி ஒவ்வொருவராக மெஷினுக்குத் தலை குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். அது ஒவ்வொருவருக்கும் ‘நன்றி’ சொல்கிறது. பதினோரு வணக்கம், பதினோரு நன்றி.

பியோன் தம்பி முதலில் சிரித்தார். “என்னம்மா, எனக்கு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இப்படிக் குனிஞ்சதில்லையே.” பிறகு, எல்லாரும் உட்கார்ந்ததும், வண்டியை எடுக்காமல் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஸ்டாப்பில் ஒட்டிய காகிதத்தை வாசித்திருப்பார்தானே. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் பார்வையை எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஓக்புன்னுக்குத் தலைசுற்றல். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். கஞ்சி வைத்தேன், உப்பில்லாமல். உப்பு அவளுக்கு ஆகாது, எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

ஏப்ரல் 25, வியாழன்

மே பதினாறில் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். சா மேடம் கவலையாக இருக்கிறார். “இப்ப நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் காகிதம் ஒட்டின பிறகு எடுத்த எண்ணிக்கை. பஸ் போயிடும்னு பயந்து ஊரே கிளம்பி ஏறியிருக்குன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி உள்ளது வேணும். ஓக்புன் அம்மாவோட ஆஸ்பத்திரித் தேதிகள் இருக்கு. அது ஒருத்தருக்குத்தான்.”

கும்ரியே அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா காலால் உதைத்தாள். கண்ணைக் காட்டினாள். கட்டம் போட்ட நோட்டு. வெட்கத்தில் அந்த வீட்டுப்பாடத்தை நான் மேடத்திடம் காட்டியதே இல்லை, பக்கத்தில் உட்காரும் அக்கா மட்டும் பார்த்திருக்கிறாள்.

எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. நவம்பரிலிருந்து, வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாள் விடாமல். பெயர் பெயராக. தொப்பி வைத்த வட்டங்களோடு.

நான் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஏன் சொல்லவில்லை? எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பது வயதில் படகில் ஏறினேன். அப்புறம் இறங்கிப் பள்ளிக்கூடம் போக நேரமில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் அதை அறுபத்தெட்டு வருஷம் மறைத்தேன். பேங்கில், தேர்தலில், மகளின் பள்ளியில், எங்கே காகிதம் நீட்டினாலும் “அடடா, கண்ணாடியை மறந்துட்டேனே.” கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருக்கும். அந்த நோட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டினால்? அந்த வெங்காயங்களை? ஊர், மாவட்டம், எல்லாரும் பார்ப்பார்கள். மா பாங்ஷிக் தற்குறி என்று.

இன்னொன்றும் உண்டு. அதில் பெயர்கள் இல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. பிப்ரவரியில். “இன்று ஓக்புன் பஸ்ஸில் அழுதாள். எனக்குத் தெரியாது என்று நினைத்தாள்.” என் முதல் முழு வாக்கியம் அது. அதை எப்படிக் காட்டுவது?

மே 1, புதன்

எழுத மனமில்லை.

மே 8, புதன்

பெற்றோர் தினம். நர்ஸ் எல்லாருக்கும் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூ குத்திவிட்டாள். காலையில் மிரான் ஃபோன் செய்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாகிறதாம், ஜூனில்.

பஸ்ஸில் திரும்பும்போது ஓக்புன்னிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும். கண்ணாடி விஷயம் உட்பட. அறுபத்தெட்டு வருஷத்தை இரண்டு ஸ்டாப்புக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள். “கல்யாணம் ஆன மூணாம் மாசமே தெரியும். உங்க அண்ணன் கடிதாசியைத் தலைகீழாப் பிடிச்சிட்டு ‘எல்லாரும் சௌக்கியமாம்’னீங்களே.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“நீங்க கண்ணாடின்னு சொன்னீங்க. நான் கண்ணாடின்னு வச்சுக்கிட்டேன். பாய்லரையும் அப்படித்தான் வச்சுக்கிட்டேன். பாய்லர் பாக்கிறவர் கையில பென்சில் கரி எப்படிங்க வரும்?”

பிப்ரவரிப் பக்கத்தையும் சொன்னேன். அவள் வெளியே பார்த்தாள். வெங்காய வயல்கள். பிறகு, “அதையும் காட்டுங்க. அழுதது நான்தானே, நானே சொல்றேன். ஒன்பது பேர்ல ஒருத்தியாக்கூட என்னை எண்ணல. அழுததையாவது எண்ணட்டும்.”

மே 16, வியாழன்

இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். விரல் வலித்தாலும் சரி.

மாவட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மூன்று ஊர்க்காரர்கள், எல்லார் கழுத்திலும் கம்பளிப் பை. மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு அதிகாரிகள். சா மேடம் வரைபடத்தைக் காட்டினார். விளக்குகள். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை, எந்த ஸ்டாப். நான் அழுத்தின விளக்குகள் அவை! ஆனால் மேடம் சொன்னபடியே நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி கேட்டார்: “இதெல்லாம் அறிவிப்பு ஒட்டின பிறகுதானே? வேணும்னே ஏறியிருக்கலாமே?”

அப்போது சுவரில் என் நோட்டு வந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு என் வெங்காயங்கள். என் காது சுட்டது.

“இது மட்டும் எப்ப எழுதினதுன்னு எப்படி நம்புறது?” என்றார் அதே அதிகாரி. “போன வாரம்கூட உக்காந்து எழுதியிருக்கலாம்.”

சா மேடம் எதுவும் வாதாடவில்லை. நவம்பர்ப் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் மார்ச் முதல் வாரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நவம்பரில் ஒரு பெயர் ஒரு வரி முழுவதையும் விழுங்கியிருக்கிறது. ஜனவரியில் எழுத்துகள் கட்டத்துக்குள் வரப் பார்க்கின்றன, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மார்ச்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

“இவர் எழுதக் கத்துக்கிட்ட பாதை இது. ஒவ்வொரு பக்கத்துலயும் கை கொஞ்சம் கொஞ்சமா மாறுது. இதை யாராலயும் பின்னாடி உக்காந்து செய்ய முடியாது. எழுதின இவராலயே முடியாது.”

ஓரத்தில் இருந்த பெண் அதிகாரி ஒரு காகிதத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். “ஐயா, அந்த நவம்பர் மாதிரி ஒரு பெயர் எழுதிக் காட்ட முடியுமா?” கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஓக்புன் என்று எழுதினேன். வேண்டுமென்றே கோணலாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை! கை கேட்க மாட்டேன் என்கிறது. வட்டம் வட்டமாகவே வருகிறது. “அம்மா, முடியல. மன்னிக்கணும்” என்றேன். அந்த அம்மாள் காகிதத்தைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த அதிகாரிக்குத் தள்ளினார். அவர் அடுத்தவருக்கு.

பிப்ரவரிப் பக்கம் வந்தபோது ஓக்புன் எழுந்தாள். “அது நான்தான்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

நடு அதிகாரி கேட்டார்: “சரி. இத்தனை பேர் ஏறியிருந்தா மெஷின்ல ஏன் பதியல?”

இருபத்தாறு கம்பளிப் பையும் அசையவில்லை. கும்ரியே அக்கா எழுந்தாள். “அது வந்து… மெஷின் கோளாறுங்க. கடல் காத்து. உப்பு பட்டு…”

“மெஷின்ல கோளாறு இல்லம்மா. உக்காருங்க.”

பின்வரிசையில் பியோன் தம்பி. சீருடையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. “நான்தான் காட்ட வேண்டாம்னு சொன்னேன். ஓடுற வண்டியில இவங்க கார்டைத் தேடி விழறதைப் பாக்க முடியல. எண்ணிக்கையில இவங்க இல்லாமப் போவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என் மேலதான்.”

அக்கா கோணலாகச் சேர்ந்திருந்த தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “இவர் மேல எதுவும் எழுதினீங்கன்னா, இந்தக் கையாலயே வந்து உங்க எல்லாருக்கும் பை பின்னிப் போடுவேன்.”

பெண் அதிகாரிதான் முதலில் சிரித்தார்.

முடிவு பிறகு சொல்வார்களாம். வெளியே வந்ததும் பியோன் தம்பிக்கு நான் தலை குனிந்து வணக்கம் வைத்தேன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: “நன்றி.” அச்சு அசல் மெஷின் குரல்.

மே 22, புதன்

இன்னும் எதுவும் இல்லை. மிரானிடம் கட்டிலைப் பற்றி ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம்.

மே 24, வெள்ளி

பியோனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததாம். வேலைக்கு ஒன்றுமில்லை. இன்று பஸ்ஸில் அவர் ஸீட்டுக்குப் பின்னால் கிம்ச்சி டப்பா ஏழு. வண்டி முழுக்க வாசம்.

மே 29, புதன்

ஸ்டாப்பில் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டியிருந்தார்கள். கும்பல். எல்லாரும் எனக்கு வழி விட்டார்கள். “பாங்ஷிக் வாசிக்கட்டும்.” ஊர்த் தலைவர் தொடங்கி எல்லாரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

“காலை ஒன்பது நாற்பது பஸ் தொடர்ந்து இயங்கும். ஒரு வருடம் கழித்து மறுபரிசீலனை செய்யப்படும்.”

மார்ச்சில் எழுத்து முதலில் வந்தது, அர்த்தம் பின்னால் வந்தது. இன்று அர்த்தம் முந்திக்கொண்டது. மறுபரிசீலனை என்கிற வார்த்தையில் தடுக்கி விழுந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓக்புன் மட்டும், “இன்னொரு தரம் வாசிங்க” என்றாள். மூன்று தரம் வாசிக்க வைத்தாள்.

ஜூன் 5, புதன்

பச்சை பெஞ்சு. பதினாலு வணக்கம், பதினாலு நன்றி. நகரத்துக் கட்டில் வேறு யாருக்கோ போய்விட்டது என்று மிரான் சொன்னாள். அந்த யாரோ நன்றாக இருக்கட்டும்.

சா மேடம் அந்த வரைபடத்தை இறக்கவில்லை. இப்போது அதில் சாப்பாட்டு வண்டி போகும் வீடுகளுக்கும் விளக்கு, சாப்பாட்டை வாங்கினதும் எரிகிறது. இரண்டு நாள் விளக்கு எரியாத வீட்டுக்கு யாராவது போய்க் கதவைத் தட்டுகிறோம். இந்த வாரம் தட்டினவர்களில் நானும் ஒருவன். உள்ளே இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினதற்குத் திட்டினார். எவ்வளவு நல்ல திட்டு!

மெஷின் முடிந்து ஓக்புன் வெளியே வந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம். “அப்படி என்னதான் எழுதுறீங்க?” என்றாள். நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். சில இடத்தில் சிரித்தாள், சில இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, பக்கத்தின் அடியில் அவளே எழுதினாள். அவள் எழுத்து எவ்வளவு அழகு! இதோ இருக்கிறது:

*மன்னிப்பெல்லாம் எதற்கு, நன்றாக வாசிக்க முடிகிறது. பென்சில்தான் மழுங்கிவிட்டது. அடுத்த புதன் சீவிக்கொண்டு வாருங்கள்.*

சீவிவிட்டேன். சட்டைப்பையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதன்கிழமை அவள் உள்ளே போனதும் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன்.